அவளுக்குக் கேட்காத ஒரே மனசு

ஜூன் 3, செவ்வாய்

பித்தப்பையில் கல் இருக்கிறதாம். டாக்டர் அருணாதேவி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு மழை மேகம் மாதிரிதான் தெரிந்தது. ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது, இப்போதைக்கு எண்ணெயைத் தொடாதீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது என்று எழுதி வையுங்கள் என்றார். புத்தாண்டுக்கு ஒரு வக்கீல் கொடுத்த டைரி சும்மா கிடந்தது.

காலை இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் தயிர்சாதம். வலி இல்லை.

பக்கம் முக்கால்வாசி மிச்சம் இருக்கிறது. என்னைப் பற்றி எழுதுகிறேன். பெயர் தெய்வசிகாமணி. கோபி நீதிமன்றத்தில் கட்டுக்காரர் வேலை. என்னைச் சுற்றி ஒரு வீட்டளவு இடத்துக்குள் யாருடைய சக்தியும் வேலை செய்யாது. தொடாமல் பொருளை நகர்த்துகிறவன், பேச்சால் ஆளை மயக்குகிறவள், எல்லாரும் என் பக்கத்தில் வந்தால் சாதாரண ஆட்கள்தான். எனக்குப் பிறவியிலேயே அப்படி. சாட்சி சொல்கிறவரை யாரும் மயக்கிவிடக் கூடாது என்று நீதிபதிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்திருப்பதுதான் வேலை.

என் மனைவி சுலோச்சனா செவிக்காரி. அடுத்தவர் மனதில் ஓடுவதெல்லாம் அவளுக்குக் கேட்கும். வேண்டாம் என்றாலும் நிற்காது. பள்ளிக்கூடம் போக முடியவில்லை, ஒரு கல்யாணத்துக்குப் போக முடியவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். நான் பெண் பார்க்கப் போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். சத்தம் நின்றுவிட்டதே என்று அழுதாளாம்.

பதினேழு வருடம் ஆகிறது. ஊருக்கு வெளியே வாழைத்தோட்டத்துக்கு நடுவில் வீடு பிடித்தது அவளுக்காகத்தான். நான் கோர்ட்டில் இருக்கும்போது பக்கத்தில் எந்த மனசும் கேட்கக் கூடாதல்லவா? சந்தையோ கோயிலோ, எங்கே போனாலும் நான் கூடப் போக வேண்டும். ஊரில் அத்தனை பேர் மனதையும் கேட்டிருக்கிறாள், என் மனசு மட்டும் அவளுக்குக் கேட்டதில்லை. கட்டுக்குள் இருப்பது எப்படிக் கேட்கும்?

அதில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

தோட்டத்துக்காரர் நாச்சிமுத்து, பக்கத்தில் உரமூட்டை போட்டு வைத்திருந்த வீட்டை வெள்ளையடித்து வாடகைக்கு விட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்திருப்பது ரஹீமா என்று ஒரு பெண். முப்பது வயதிருக்கும். தனியாள், ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்கூட்டர்.

சுலோவுக்கு இனி பகல் முழுக்க அந்தப் பெண்ணின் மனசு கேட்டுக்கொண்டே இருக்குமே என்று பயந்தேன். வேறு வீடு பார்க்கலாம் என்றேன். சிரித்தாள்.

மதியம் ரசம் சாதம். வலி இல்லை.

ஜூன் 9, திங்கள்

அந்தப் பெண்ணும் கட்டுக்காரியாம்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று கோர்ட்டிலிருந்து வந்ததும் சுலோ வாசலுக்கே ஓடி வந்து சொன்னாள். “ஏனுங் மாமா, காலைல நீங்க போன பொறவு எப்பவும் ரோட்ல போற பஸ் ஆளுங்க மனசு லேசா கேக்குமில்ல, அது கூட கேக்கலீங்க! என்னடான்னு பாத்தா அந்தப் புள்ளையும் உங்களாட்டத்தான்!”

என்னாட்டத்தான். எனக்கு அரசாங்கச் சான்றிதழ் இருக்கிறது. அந்தப் பெண்ணுடையது எவ்வளவு தூரம் வேலை செய்யும், எத்தனை நாள் நிலைக்கும் என்று யாருக்குத் தெரியும்? நல்லதாகப் போயிற்று என்று சொன்னேன்.

சாயங்காலம் விலாவுக்குக் கீழே லேசான வலி. சாப்பாட்டில் தப்பு எதுவும் இல்லை.

ஜூன் 14, சனி

வீடு பூட்டியிருந்தது.

இத்தனை வருடத்தில் நான் வரும்போது வீடு பூட்டியிருந்ததில்லை. சாவி எங்கே இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ரஹீமா ஓட்ட, பின்னால் சுலோ மடியில் காய்கறிப் பையோடு. தலைமுடி காற்றில் கலைந்து முகமெல்லாம் வழிந்திருந்தது. ஒதுக்கிக்கூட விடவில்லை.

“சந்தைக்குப் போனோமுங்க. நானே பேரம் பேசுனேன்” என்றாள்.

கத்தரிக்காய் முற்றல். நான் வாங்கியிருந்தால் அப்படி வாங்கியிருக்க மாட்டேன். அதைச் சொன்னபோது அவள் முகம் சுருங்கியது. சொல்லாமலே இருந்திருக்கலாம், ஆனால் முற்றலை முற்றல் என்றுதானே சொல்ல முடியும்?

ஜூன் 21, சனி

ஒரு வாரத்தில் அவள் போன இடங்கள்: நூல் கடை, பேன்சி ஸ்டோர், மறுபடியும் நூல் கடை, பச்சைமலை கோயில். கோயிலுக்கு ரஹீமா எதற்கு? அடிவாரத்தில் ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தாளாம். பாதிப் படிக்கு மேல் மற்றவர்கள் மனசு கேட்க ஆரம்பித்ததும் சுலோ திரும்பி வந்துவிட்டாளாம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். என்னோடு போயிருந்தால் சாமி கும்பிட்டிருக்கலாம். என்னிடம் கேட்கவில்லை.

ரஹீமா தைத்த ரவிக்கை போட்டிருக்கிறாள். கிளிப்பச்சை. நான் எடுத்துக் கொடுத்த நிறங்கள் எல்லாம் அடக்கமானவை.

ஜூன் 27, வெள்ளி

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன். சைக்கிளைத் தோட்டத்து முனையிலேயே நிறுத்தி நடந்து வந்தேன். வேறு காரணம் இல்லை, செயின் தளர்வாக இருந்தது.

ரஹீமா வீட்டுக்குள் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது.

“என்னக்கா, உங்களுக்கு நெசமாத் தெரியாதா? கோயமுத்தூர்ல செவிக்காரங்களுக்குன்னே பயிற்சி குடுக்கறாங்க. ஆறு மாசம். காதை மூடித் தெறக்கற மாதிரி மனசை மூடித் தெறக்கப் பழக்கிருவாங்களாம். அப்புறம் யாரும் கூட வரத் தேவையில்ல. எங்கூர்ல ஒரு பொண்ணு முடிச்சுட்டு பஸ் கண்டக்டராவே இருக்கா.”

தையல் மெஷின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சாப்பிடாமல் கோர்ட்டுக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் அவளே கேட்டாள். “அந்தப் பயிற்சி பத்தி உங்க ஆபீசுக்கு எதாச்சும் வந்துச்சுங்களா மாமா?”

தெரியாது என்றேன். அலுவலகத்துக்கு எத்தனையோ சுற்றறிக்கை வருகிறது, எல்லாவற்றையும் படிக்க முடியுமா? அதுவும் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும், ஒரு அறையில் ஆறு பேர், முதல் இரண்டு மாதம் கட்டுக்காரர் யாரும் பக்கத்தில் வரக் கூடாது என்றெல்லாம் நிபந்தனை. சுலோவின் உடம்பு அதைத் தாங்காது. விண்ணப்பத்தில் கணவர் கையெழுத்துக்கு இடம்கூட இல்லை, என்ன ஏற்பாடு அது.

இரவு உணவு கோதுமை உப்புமா. வலி இருந்தது.

ஜூலை 2, புதன்

டாக்டரிடம் தனியாகப் போனேன். கல் பெரியதாகிறது, இந்த மாதமே எடுத்துவிடலாம் என்றார். சின்னத் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். தலையாட்டினேன்.

அப்புறம் அவர் சொன்னார்: “உங்க விஷயத்துல ஒண்ணு இருக்குங்க. முழு மயக்கம் குடுக்கும்போது கட்டுக்காரங்களோட கட்டு அவிழ்ந்துரும். தூக்கத்துல அப்படி ஆகாது, மயக்கத்துல ஆகும். கொஞ்ச நேரந்தான். உங்க வீட்ல செவிக்காரங்க இருக்காங்கன்னு சொன்னீங்கல்ல? முன்னாடியே அவங்களுக்குத் தெரியப்படுத்திருங்க.”

“அப்போ என் மனசும் அவளுக்குக் கேக்குமா?”

“கேக்கும்.” டாக்டர் சிரித்தார். “ஏன், எதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?”

முதுகில் ஊசி போட்டு, நினைவோடு செய்ய முடியாதா என்று கேட்டேன். இதற்கு அது சரிவராது என்றார். யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டேன்.

சுலோவிடம், மாத்திரையே போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். பிறகு ரஹீமாவிடம் சொல்ல ஓடினாள்.

ஜூலை 13, ஞாயிறு

நாச்சிமுத்துவைப் பார்த்தேன். கட்டுக்காரர் குடியிருப்பது அக்கம்பக்கத்துக்கு நல்லதல்ல, சக்தி உள்ள விருந்தாளி யாராவது வந்தால் சங்கடம், வீட்டைக் காலி செய்யச் சொல்லலாமே என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஏனப்பா தெய்வம், நீயும் அதேதான? உன்னையுஞ் சேத்துக் காலி பண்ணச் சொல்லட்டுமா?”

வெயிலில் நடந்து வந்ததில் வலி.

ஜூலை 19, சனி

நேற்று இருவரும் சினிமாவுக்குப் போனார்கள். வந்து கதை முழுவதையும் சொன்னாள். நடிகை அழுத இடத்தில் இவளும் அழுதாளாம், ரஹீமா கைக்குட்டை கொடுத்தாளாம். நாம் போன வருடம் பார்த்த படத்தில் நீ அழவில்லையே என்றேன்.

“அன்னிக்கு நீங்க வாட்சைப் பாத்துட்டே இருந்தீங்க மாமா.”

எனக்கு அப்படி நினைவில்லை.

ஜூலை 25, வெள்ளி

வலி. மாத்திரை. சுலோ வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். நெற்றியில் கை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். கிளிப்பச்சை ரவிக்கையில் மெஷின் எண்ணெய் வாசனை அடித்தது. திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள், மருத்துவமனை

நேற்று ஆடிப்பெருக்கு. கொடிவேரிக்குப் போகலாம் என்று சுலோ ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரஹீமாவும் வந்தாள். அணை நிறையத் தண்ணீர், கரை கொள்ளாத கூட்டம். இருவரும் தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார்கள். நான் சுலோவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன், ரஹீமா அந்தப் பக்கம். பேச்செல்லாம் அந்தப் பக்கமே போய்க்கொண்டிருந்தது.

எழுந்து நடந்தேன். என் கட்டு எது வரைக்கும் எட்டும் என்று எனக்கு உடம்பிலேயே தெரியும். அதைத் தாண்டி, மீன் வறுக்கிற கடைகள் வரைக்கும் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். முன்பெல்லாம் இத்தனை கூட்டத்தில் நான் இரண்டு அடி தள்ளிப் போனாலே சுலோ சட்டையைப் பிடித்து இழுப்பாள். இப்போது தண்ணீரை அள்ளி ரஹீமா மேல் வீசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கடைக்காரர் என்ன வேண்டும் என்று கேட்டார். வறுத்த மீன் ஒரு தட்டு வாங்கினேன். நின்றபடியே முழுவதும் தின்றேன். இன்னொரு தட்டும் வாங்கினேன். எண்ணெய் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அப்போதும் அவள் திரும்பவில்லை.

வலி வந்தபோது நிற்க முடியவில்லை. யாரோ என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு சுலோ ஓடி வந்தது தெரிந்தது. ரஹீமாவை விட்டு விலகி, என்னை எட்டுவதற்கு முன்னால் நடுவில் கொஞ்ச தூரம் இருக்கிறது. அங்கே அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

பித்தப்பை பழுத்துவிட்டது, தள்ளிப்போட முடியாது, நாளைக் காலையில் ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையே போதும் என்று அவர் சொல்லவில்லை என்பதும் சுலோவுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு ஆள் மனசுதானே, தாங்கிக்கொள்கிறேன் என்று ரஹீமாவை என்னிடம் விட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுத்து வர நாச்சிமுத்துவின் காரில் வீட்டுக்குப் போனாள்.

அந்த நேரத்தில் ரஹீமா கட்டில் பக்கத்தில் இருந்தாள். நான் அவளிடம் இதுவரை பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

“ரஹீமா, எனக்கு ஒரு உதவி செய்யணும்.”

“சொல்லுங்கண்ணா.”

“நாளைக்கு ஆபரேஷன் நடக்கும்போது நீ சுலோ பக்கத்துலயே உக்காந்திருக்கணும். அங்க இங்க போயிரக் கூடாது. எனக்கு மயக்கம் தெளியற வரைக்கும்.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “ஆஸ்பத்திரிச் சத்தம் அக்காவுக்குக் கேக்கக் கூடாதுன்னுங்களா? இல்ல, உங்க சத்தம் கேக்கக் கூடாதுன்னுங்களா?”

நான் சலைன் பாட்டிலைப் பார்த்தேன்.

“உக்காந்துக்கறேங்கண்ணா. ஆனா அக்காகிட்டச் சொல்லிட்டுத்தான். அவங்க வேண்டாம்னா எந்திரிச்சுப் போயிருவேன்.”

“சொல்லாம உக்காந்தா என்ன?”

“எம் மாமியார் வீட்ல நாத்தனாருக்கு மழையக் கூப்புடற சக்தி இருந்துச்சுங்க. அவளை அடக்கி வெக்கத்தான் என்னைக் கட்டிட்டுப் போனாங்க. எனக்கே தெரியாது, நல்ல சம்பந்தம்னு நெனச்சு சந்தோஷமாப் போனேன். ஒரு நாள் அந்தப் புள்ளை சொல்லுச்சு, ‘அண்ணி, நீங்க வெளிய போனாத்தான் எனக்கு மூச்சே வருது’ன்னு. எம்மேல அதுக்குக் கோவங்கூட இல்லீங்க. அதான் தாங்க முடியல. அன்னிக்கே பொட்டியக் கட்டிட்டேன்.” போர்வையை என் காலடியில் இழுத்துச் சரிசெய்தாள். “இன்னொருத்தருக்குத் தெரியாம அவங்க மேல பூட்டா இருக்க மாட்டேங்கண்ணா. கேக்காதீங்க.”

அவள் எழுந்து போனபின் எனக்கு வந்தது கோபமா வேறொன்றா என்று தெரியவில்லை. இவளைப் போய் சுலோவுக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கூப்பிடுகிறார்கள். சுலோ கதவருகில் தனியாக நிற்கிறாள். ரஹீமாவைக் காணவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. கஞ்சி. வலி தையலில் மட்டும்.

மயக்கம் தெளிந்தபோது சுலோ பக்கத்தில் இருந்தாள். கண்கள் வீங்கி, கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் காய்ந்திருந்தது. ஆபரேஷன் நேரம் முழுக்க அறைக்கு வெளியே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று நர்ஸ் சொன்னார். எங்கள் அறைக்குப் போய்ப் படுங்கள் என்றதற்கு மாட்டேன் என்றாளாம். இரண்டு நாள் நாங்கள் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. இன்று காலை நானே கேட்டேன்.

“ரஹீமாவை நீ அனுப்பிட்டியா?”

“ஆமாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடைல இருக்கச் சொன்னேன்.”

“ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டிருக்குமே.”

“கேட்டுச்சு. பிரசவத்துக்கு வந்தவ, காலு போன லாரி டிரைவரு, பக்கத்து ரூம்ல மகனை எடுத்துட்டுப் போகக் காத்திருந்த அப்பா. எல்லாம். மண்டை வெடிச்சுருமாட்ட இருந்துச்சு.” பாட்டிலைத் திறந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். “அத்தனையிலயும் உங்களைத் தேடிப் புடிச்சேனுங்க. எனக்குத் தெரியாத சத்தமா இருந்துச்சா, அதை வெச்சுக் கண்டுபுடிச்சேன். பொறந்ததுலருந்து ஊர்ல இருக்கறவங்க மனசெல்லாங் கேட்டவ. புருசன் மனசைக் கேக்கறதுக்குக் கெடைச்சது அந்த ஒரு தடவைதான? விடுவனா?”

“என்ன கேட்டுச்சு?”

“மொதல்ல ரஹீமாவைத் திட்டிட்டே இருந்தீங்க. ஸ்கூட்டரையுங்கூட.” சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “அப்புறம் அந்தக் கோயமுத்தூர்த் தாளு. மூணு தடவை வந்துச்சு, மூணு தடவையும் கிழிச்சீங்க.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் அழுததையும் நெனச்சீங்க. ‘இவளுக்கு நான் இல்லாம முடியாது’ன்னு. அதுல எத்தனை சந்தோசம் உங்களுக்கு! என்னைப் புடிச்சிருக்குன்னு ஒரு எடத்துலயாச்சும் வருமான்னு காதைத் தீட்டிட்டு உக்காந்திருந்தேன். அதுவும் வந்துச்சு. இல்லைங்கல. ஆனா அது பயத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னுட்டு, கூப்புட்டாலும் முன்னால வரல.”

“சுலோ...”

“நான் அமைதிக்குத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன் மாமா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரஹீமா வந்த பொறவு அமைதி பக்கத்து வீட்லயே கெடைச்சுது. அப்பவும் சாயங்காலமானா உங்க சைக்கிள் வருதான்னு வாசலைப் பாத்துட்டுத்தான் இருந்தேன். சந்தைல பேரம் பேசுனதை உங்ககிட்டச் சொல்லத்தான் அவசர அவசரமா வந்தேன். நீங்க கத்தரிக்காயைப் பாத்தீங்க.”

பிறகு டம்ளரைக் கழுவ எழுந்து போனாள். குழாய்ச் சத்தம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 16, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். ரசம் சாதம், அவித்த பீர்க்கங்காய்.

சுலோ விண்ணப்பம் அனுப்பிவிட்டாள். ரஹீமா செல்போனில் நிரப்பிக் கொடுத்தாளாம். என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். நான் சரி என்றேன். என் சரி அங்கே எதற்கும் தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இடம் கிடைத்துவிட்டது. பெட்டியில் கிளிப்பச்சை ரவிக்கை மேலாக இருக்கிறது. ஆறு மாதம் அவளோடு ஒரே அறையில் இருக்கப் போகும் ஐந்து பெண்களை நினைத்துப் பார்த்தேன். முகம் தெரியாத ஐந்து பேர். அவர்கள் மேல் எனக்குப் பொறாமை. எழுதியே வைக்கிறேன், பொறாமைதான். அவர்களுக்கு அவள் மனசும் அவளுக்கு அவர்கள் மனசும் கேட்கும்.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் ரஹீமா வீட்டிலேயே விடைபெற்றுக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் சுலோவும் மட்டும் போனோம். கோவை வரைக்கும் கூட வருகிறேன், கூட்டமான பஸ், வழியில் முடியாமல் போனால் என்ன செய்வாய் என்றேன்.

“முடியலைன்னா எறங்கிக்கறேனுங்க. அப்புறம் அடுத்த பஸ் ஏறுவேன்.”

ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கி ஜன்னலுக்குக் கீழே நின்றேன். பஸ் நிறைந்துகொண்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், வாழைத்தார் ஏற்றுகிறவர்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. நான் அங்கே நிற்கிற வரைக்கும் சுலோவுக்கு எதுவும் கேட்காது. பஸ் கிளம்பினால் ஒரே அடியாக அத்தனையும் அவள் தலையில் இறங்கும். ஓடுகிற பஸ்ஸில் அவளால் இறங்கவும் முடியாது.

“சுலோ, நான் இப்பவே தள்ளிப் போறேன். தாங்குதான்னு பாரு. தாங்கலைன்னா கையைக் காட்டு, வந்தர்றேன்” என்றேன்.

“போங்க” என்றாள்.

அவளைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தேன். பழக்கடை, பெட்டிக்கடை, கழிப்பறைச் சுவர். என் கட்டு முடிகிற இடம் உடம்பில் தெரிந்தது. அதற்கு அப்பால் ஒரு அடி எடுத்து வைத்தேன். ஜன்னலில் அவள் முகம் சட்டென்று இறுகியது. கம்பியைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். என் கால் தானாக முன்னால் வந்தது. இழுத்துப் பின்னால் வைத்தேன். கையைக் காட்டுவாள், இதோ காட்டப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். காட்டட்டும் என்றுதான் இருந்தது.

கண்ணைத் திறந்தாள். பக்கத்துச் சீட்டுக் கைக்குழந்தைக்காரி பக்கம் திரும்பி என்னவோ கேட்டாள். அந்தப் பெண் திடுக்கிட்டு, பிறகு குழந்தையை இவள் மடியில் கொடுத்துவிட்டுத் தன் தோளைத் தேய்த்துக்கொண்டாள். தோள் வலிக்கிறது என்று நினைத்திருப்பாள் போல.

பஸ் கிளம்பியது. சுலோ குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். குழைந்துவிட்டது. தயிர் ஊற்றிச் சாப்பிட்டேன். வலி இல்லை.